டிரிப் மெஷினில் நல்ல காப்பி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

சிங்கப்பூரில் வேலை செய்யும் பிள்ளைகள் தீபாவளிக்கு ஊர் திரும்பும்போது அம்மா அப்பாவுக்கென்று வாங்கி வரும் பொருள்களில் டிரிப் காப்பி மெஷினும் (கூடையில் தாள் வைத்துப் போட்ட தூள்மேல் சுடுநீர் சொட்டி, கீழே ஜக்கில் காப்பி வடியும் மின்கருவி) இப்போது சேர்ந்துவிட்டது. மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் இருக்கும் எங்கள் குளுவாங்கில், தோட்டத்து லயத்தை (தொழிலாளர் வரிசை வீடுகளை) விட்டுத் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீட்டுக்கு வந்த பல குடும்பங்களில் அதைப் பார்க்கிறேன். கொஞ்ச நாள் ஆசையாகப் போட்டுக் குடிக்கிறார்கள். அப்புறம் “ஒரே தண்ணியா இருக்கு”, “கசப்பு தாங்கலை” என்று சொல்லிப் பெட்டிக்குள் வைத்து அலமாரிக்கு மேலே ஏற்றிவிடுகிறார்கள். அதைத் தயவுசெய்து கீழே இறக்குங்கள். விலை குறைந்த மெஷினிலும் நல்ல காப்பி வரும். ருசியைக் கெடுப்பது பெரும்பாலும் மெஷின் அல்ல. அதில் போடும் தூள், குத்துமதிப்பாகப் போடும் அளவு, வடிந்த பிறகும் அடியில் எரிந்துகொண்டே இருக்கும் சூடு, இந்த மூன்றும்தான்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். எங்கள் ஊர் ரயில் நிலையக் காப்பிக் கடை 1938-இல் இருந்து பெயர் பெற்றது. அங்கே கிடைக்கும் ருசியை எதிர்பார்த்து மெஷினை முடுக்கினால் ஏமாற்றம்தான் வரும். கடைக்காரர் நீளமான துணிப்பையில் நிறையத் தூளைப் போட்டு, கொதிநீரை ஊற்றி, மறுபடியும் மறுபடியும் தூக்கி ஆற்றுகிறார். துணி வழியாகக் காப்பியின் எண்ணெயும் நுண்பொடியும் இறங்கிவிடும். அந்தக் கனம் அதனால் வருவது. டிரிப் மெஷினில் இருப்பது தாள். அது எண்ணெயையும் பொடியையும் பிடித்து நிறுத்திவிடும். ஆகவே காப்பி தெளிவாக, லேசாக, வாசனை முன்னே வருவதாக இருக்கும். தாள் பிடித்து வைக்கும் எண்ணெயில் கஃபெஸ்டால் என்ற பொருள் இருக்கிறது. அது இரத்தத்தில் கொலஸ்ட்ராலை ஏற்றக்கூடியது. கொலஸ்ட்ராலுக்கு மருந்து எடுக்கும் பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இது ஒரு நல்ல காரணம். காப்பி வடிக்கத் தாளைக் கொண்டுவந்தவர் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து இல்லத்தரசி மெலிட்டா பென்ட்ஸ். கோப்பை அடியில் தங்கும் கசடு பிடிக்காமல், மகனின் நோட்டில் இருந்த மை ஒற்றும் தாளை எடுத்து முயன்று பார்த்து, 1908-இல் காப்புரிமையும் வாங்கினார். அடுப்படியில் பிறந்த யோசனை இது.

தூள்: பாதி வேலை இங்கேதான்

கையில் இருக்கும் காப்பித்தூள் பொட்டலத்தைத் திருப்பி, பின்பக்கம் “ராமுவான்” (மலாயில், சேர்மானங்கள்) என்று தொடங்கும் வரியைப் படியுங்கள். “பீஜி கோப்பி, கூலா, மார்ஜெரின், காராம்” என்று இருந்தால், காப்பிக்கொட்டையோடு சீனி, மார்ஜரின், உப்பு சேர்த்து வறுத்த தூள் அது. நம் நாட்டுக் கடைக் காப்பியின் பாரம்பரியமே இந்த வறுவல்தான். சீனி உருகிக் கொட்டையைச் சுற்றிக் கருப்பாகப் படிந்து, அந்தக் கருகல் மணத்தையும் நிறத்தையும் தருகிறது. “சம்புரான்” (கலவை) என்று போட்டிருந்தால் சோளம் போன்ற வேறு தானியமும் கலந்திருக்கலாம். துணிப்பைக்கு இது அருமையான தூள். டிரிப் மெஷினுக்குச் சரிப்படாது. கருகிய சீனி வெந்நீரில் கரைந்து தாளின் துளைகளில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். தூளும் நைசாக இருப்பதால் தண்ணீர் இறங்காமல் கூடை நிரம்பி, சில நேரம் மேசையிலும் வழிந்துவிடும். மெஷின் பழுது என்று பலர் நினைப்பது இந்த அடைப்பைத்தான்.

உங்களுக்குத் தேவை, ராமுவான் வரியில் காப்பியைத் தவிர வேறு எதுவும் இல்லாத, எதையும் சேர்க்காமல் வறுத்த கொட்டை. எங்கள் பக்கத்தில் விளையும் லைபீரிகா என்ற காப்பி வகையில் அப்படி வறுத்தது கிடைத்தால் விடாதீர்கள். மலேசியாவில் அதிகம் விளைவது லைபீரிகாதான். ஜொகூரின் தாழ்வான, வெப்பமான நிலத்துக்கு ஒத்துப்போகும் மரம் அது. அராபிகா என்ற இன்னொரு வகைக்கு உயரமான குளிர்ந்த மலை வேண்டும். லைபீரிகாக் கொட்டை பெரியது, ஒரு பக்கம் கோணியிருக்கும். அளவாக வறுத்தால் பலாப்பழ வாசம் வரும். நம் ஆட்கள் இந்த மண்ணுக்கு வந்தபோது முதலில் வேலை பார்த்ததெல்லாம் பால்மரத்தில் அல்ல. கரும்புத் தோட்டத்திலும் காப்பித் தோட்டத்திலும்தான். 1890-களின் கடைசியில் பிரேசில் காப்பி சந்தையில் குவிந்து விலை விழுந்த பிறகுதான் தோட்டங்கள் ரப்பருக்கு மாறின. அந்தப் பழைய பயிர் வீட்டு மேசைக்குத் திரும்பி வருவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. ஆனால் லைபீரிகாவின் வாசம் எல்லாருக்கும் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. பிடிக்காதவர்கள் சுமத்திரா, வியட்நாம், இந்தியா என்று எந்த ஊர்க் கொட்டையையும் வாங்கலாம். மிதமான வறுவலாக இருக்கட்டும். எண்ணெய் பளபளக்கும் கரிய கொட்டையைத் தவிர்ப்பது நல்லது. எவ்வளவு கவனமாகப் போட்டாலும் அதில் கசப்பு தூக்கலாகவே இருக்கும்.

காலாவதித் தேதியை நம்பி வாங்காதீர்கள். காப்பி கெட்டுப் போகாவிட்டாலும் வாசனை போய்விடும். வறுத்த தேதி போட்டிருந்தால் அதைப் பாருங்கள். வறுத்து சில நாள் கழித்து ஆரம்பித்து ஒரு மாதத்துக்குள் முடிக்கும் அளவுக்கு வாங்கினால் போதும். அரைத்த தூளுக்கு அந்த ஒரு மாதமும் கிடையாது. சில நாளிலேயே மணம் இறங்கிவிடும். நம் ஊர் ஈரக்காற்று வேறு சும்மா இருக்காது. மூடி இறுக்கமாக இல்லாத பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தால் தூள் கட்டி கட்டியாகிவிடும். இறுக்கமாக மூடும் சாடியில் போட்டு, வெயில் படாத, அடுப்புக்குத் தள்ளியிருக்கும் இடத்தில் வையுங்கள். ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டு வேண்டாம். வெளியே எடுக்கும்போதெல்லாம் அதன்மேல் நீர் முத்து கோத்து நனைந்துவிடும், நேற்று வைத்த மீன் குழம்பின் வாசமும் ஏறும். நிறைய வாங்கிவிட்டீர்கள் என்றால், வாரத்துக்கு ஒன்றாகச் சின்னச் சின்னப் பைகளில் காற்றுப் போகாமல் கட்டி உறைகலனில் போடலாம். எடுத்த பையை அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் பிரிக்க வேண்டும்.

அரைப்பது

காப்பி அரைக்கும் கை மெஷின் ஒன்று வாங்க முடிந்தால், புதிய டிரிப் மெஷின் வாங்குவதைவிட அது பயன் தரும். கத்தி சுழலும் வகை வேண்டாம். இரண்டு பற்சக்கரங்களுக்கு இடையில் கொட்டையை நொறுக்கும் வகையாகப் பாருங்கள். அதில்தான் தூள் ஒரே அளவாக விழும். ஒரே அளவாக விழாவிட்டால் நைசான பகுதி அதிகமாக ஊறிக் கசக்கும், பெரிய துண்டுகள் ஊறாமல் புளிக்கும். இரண்டும் ஒரே கோப்பையில் வந்து சேரும்.

இப்போதைக்கு மிக்சிதான் இருக்கிறதா? சரி, அதிலும் செய்யலாம். மசாலா அரைத்த சாடியில் முதலில் ஒரு பிடி பச்சரிசியைப் போட்டு அரைத்துக் கொட்டிவிடுங்கள். மிளகாய், சீரக வாசத்தை அது இழுத்துக்கொள்ளும். பிறகு கொட்டையைப் போட்டு இரண்டு மூன்று விநாடி ஓட்டி நிறுத்துங்கள். சாடியைக் குலுக்கி மறுபடியும் ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் சூடேறி அடியில் மாவாகும், மேலே முழுக்கொட்டை கிடக்கும். போதும் என்று தோன்றியதும் தேயிலை வடிகட்டியில் சலித்து, கீழே விழும் மாவை ஒதுக்கிவிடுங்கள். அந்த மாவுதான் கசப்புக்கும் அடைப்புக்கும் மூலம். விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தால் மீதித் தூள் சீனி மாதிரி நறநறவென்று இருக்க வேண்டும்.

மாவு மில்லில் காப்பியைக் கொடுத்து அரைக்காதீர்கள். மல்லித்தூள் வாசம் மாதக்கணக்கில் போகாது.

அளவு

அடிப்படைக் கணக்கு எளிமையானது: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 கிராம் தூள். அரை லிட்டருக்கு 30 கிராம். சமையலறைத் தராசு ஒன்று வாங்கி மெஷின் பக்கத்திலேயே வையுங்கள். தராசு இல்லாத வரை, மட்டமாக வழித்த ஒரு மேசைக்கரண்டியில் ஏறக்குறைய 5 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். வறுவலும் அரைப்பும் மாறினால் கரண்டிக் கணக்கும் மாறும்.

மெஷினில் போட்டிருக்கும் “கப்” கோட்டை நம்ப வேண்டாம். அந்த ஒரு கப் பெரும்பாலும் 125 முதல் 150 மில்லிதான். நம் வீட்டு மக் 250, 300 மில்லி பிடிக்கும். நான்கு பேருக்கு என்று 8 கப் கோடு வரை தண்ணீர் ஊற்றிவிட்டு, தூளை மட்டும் நான்கு கரண்டி போட்டால் தண்ணீராகத்தான் வரும். “ஒரே தண்ணியா இருக்கு” என்ற புகார்களில் பாதி இங்கே பிறக்கிறது. ஒரு முறை அளவுக் குவளையில் தண்ணீர் எடுத்து ஊற்றி, எந்தக் கோட்டில் எத்தனை மில்லி நிற்கிறது என்று பார்த்து, பேனாவால் மெஷின் மேலேயே எழுதிவிடுங்கள். தூள் தன் எடையைப் போல இரண்டு மடங்கு தண்ணீரைக் குடித்துக்கொள்ளும் என்பதும் நினைவில் இருக்கட்டும். 500 மில்லி ஊற்றினால் 440-க்குப் பக்கத்தில்தான் ஜக்கில் இறங்கும்.

கசக்கிறது என்று தூளைக் குறைக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். தூள் குறைந்தால் இருக்கிற கொஞ்சத் தூள் வழியாக அத்தனை தண்ணீரும் ஓடி, இருப்பதையெல்லாம் உரித்தெடுத்துவிடும். காப்பி தண்ணீராகவும் இருக்கும், கசப்பாகவும் இருக்கும். கசந்தால் அளவை அப்படியே வைத்துக்கொண்டு அரைப்பைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள்.

தண்ணீர்

கோப்பையில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர்தான் என்பதால் அதன் குறை அப்படியே தெரியும். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசம் அடித்தால் கரி வடிகட்டி போட்ட குழாயில் பிடியுங்கள், அல்லது கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரை ஊற்றுங்கள். கடைவாசலில் காசு போட்டு நிரப்பும் தண்ணீர் மெஷின்களில் பல, தாதுவையும் சேர்த்து வடிகட்டிவிடும் வகை. குடிக்க நல்லதுதான். காப்பிக்கு அந்தத் தாது கொஞ்சம் வேண்டும். இல்லாவிட்டால் சப்பென்று இருக்கும். தண்ணீர் நின்று மறுபடியும் வரும் நாளில், கலங்கல் போகும்வரை குழாயைத் திறந்துவிட்டுப் பிறகு பிடியுங்கள்.

போடும் முறை

முதலில் தூள் இல்லாமல், தாளை மட்டும் கூடையில் வைத்து, ஒரு குவளைத் தண்ணீரை ஓடவிட்டு அதைக் கொட்டிவிடுங்கள். தாளின் வாசமும் போகும், கூடையும் ஜக்கும் சூடாகும். தூளைத் தொடும் தண்ணீர் 92 முதல் 96 டிகிரி வரை இருக்க வேண்டும். விலை குறைந்த மெஷின்களில் முதலில் வரும் தண்ணீர் இந்தச் சூட்டைத் தொடுவதில்லை. இப்படி ஒருமுறை ஓடவிடுவது அந்தக் குறையைச் சற்றுத் தீர்க்கும். கொதிநீரைத் தொட்டியில் ஊற்றலாமா என்று கேட்பார்கள். மெஷினோடு வந்த கையேடு அனுமதிக்காவிட்டால் வேண்டாம். கூம்பு வடிவத் தாளாக இருந்தால், ஒட்டியிருக்கும் ஓரத்தை மடித்து வையுங்கள். கூடையில் சரியாகப் படியும்.

தூளைப் போட்டுக் கூடையை லேசாகத் தட்டி மட்டமாக்குங்கள். மெஷினை முடுக்குங்கள். இனி விட்டுவிட்டுப் போகாமல் கொஞ்ச நேரம் அருகில் நில்லுங்கள். அரை நிமிடத்தில் தூள் எல்லாம் நனையும் அளவு தண்ணீர் விழுந்ததும் நிறுத்திவிடுங்கள். மூடியைத் திறந்து பார்த்தால், புதிதாக வறுத்த தூள் நுரைத்து, குமிழ் விட்டு உப்பி எழும். உள்ளே அடைபட்டிருந்த கரியமில வாயு வெளியேறுகிறது. அது போகாமல் தண்ணீர் தூளுக்குள் சரியாக இறங்காது. தூள் எழவே இல்லை, ஈர மண்ணாகக் கிடக்கிறது என்றால் அது பழைய தூள்.

அப்படியே பல மெஷின்களின் பெரிய குறையையும் பார்ப்பீர்கள். தண்ணீர் ஒரே துளையிலிருந்து நடுவில் மட்டும் விழும். நடுவில் குழி, ஓரத்தில் காய்ந்த தூள். ஒரு கரண்டியின் காம்பால் தாள் கிழியாமல் மெதுவாகக் கலக்கி, ஓரத்துத் தூளையும் நனைத்துவிடுங்கள். ஆவி கையில் அடிக்கும், கவனம். அரை நிமிடம் பொறுத்து மறுபடியும் முடுக்குங்கள். பாதி வழியில் இன்னொரு முறை கலக்கலாம். இந்த ஒரு வேலைக்கே ருசி நன்றாக மாறும்.

முழுக்க வடிய 4 முதல் 6 நிமிடம் ஆக வேண்டும். 3 நிமிடத்தில் முடிந்து, காப்பி சுள்ளென்று புளிக்கிறதா? அரைப்பு பெரிது, அடுத்த முறை கொஞ்சம் நைசாக்குங்கள். 8 நிமிடத்தைத் தாண்டி, நாக்கு வறண்டு கசக்கிறதா? நைஸ் அதிகம். ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தூள், அரைப்பு, தண்ணீர் மூன்றையும் சேர்த்து மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாது. ஒருவருக்கு மட்டும் அரை மக் போடுவதும் கஷ்டம்தான். பெரிய கூடையில் தூள் மெல்லிய படலமாகப் பரவி, தண்ணீர் சட்டென்று ஓடிவிடும். மெஷின் கொள்ளளவில் பாதிக்கு மேல் போடுங்கள்.

நேரம் இருக்கும் ஒரு விடுமுறைக் காலையில் இதைச் செய்து பாருங்கள். ஜக்கை எடுத்தால் சொட்டு நிற்கும் வசதி பெரும்பாலான மெஷின்களில் உண்டு. காப்பி இறங்க ஆரம்பித்ததும் ஜக்கை எடுத்து, வந்ததை ஒரு கிளாசில் ஊற்றிவிட்டு உடனே திருப்பி வையுங்கள். அதிக நேரம் எடுத்து வைத்தால் கூடை பொங்கிவிடும். நடுவில் வருவதை இரண்டாவது கிளாசிலும், கடைசியில் வருவதை மூன்றாவதிலும் பிடியுங்கள். சீனி போடாமல் மூன்றையும் குடித்துப் பாருங்கள். முதலாவது கெட்டியாக, புளிப்பும் இனிப்புமாக இருக்கும். இரண்டாவது அளவான ருசி. மூன்றாவது வெளிறி, கசந்து, கட்டை வாசத்தோடு இருக்கும். கடைசிச் சொட்டு வரை வேண்டியதில்லை என்பது நாக்குக்கே புரிந்துவிடும். கசப்பு ஒத்துக்கொள்ளாதவர்கள் 30 கிராம் தூளுக்குத் தொட்டியில் 400 மில்லி மட்டும் ஊற்றி வடித்து, மீதி 100 மில்லியைக் கொதிநீராக நேரே ஜக்கில் சேர்க்கலாம். வடிந்ததும் ஜக்கை ஒருமுறை கலக்கிவிட்டே ஊற்றுங்கள். முதலில் இறங்கிய கெட்டி அடியில் நிற்பதால், கலக்காவிட்டால் ஒருவருக்கு லேசாகவும் ஒருவருக்குக் கடுப்பாகவும் போகும்.

வடிந்தவுடன் பிளாஸ்க்

அடியில் இருக்கும் சூட்டுத் தட்டு காப்பியை மறுபடியும் காய்ச்சுகிறது. அதில் உள்ள குளோரோஜெனிக் அமிலம் உடைந்து, கடுப்பும் கசப்புமான வேறு அமிலங்களாக மாறும். காலையில் போட்டதைப் பத்து மணிக்கு ஊற்றும்போது வரும் அந்தக் காய்ந்த ருசி இதுதான். பிளாஸ்க்கில் வெந்நீர் ஊற்றி இரண்டு நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, காப்பியை அதில் மாற்றி, தட்டை அணைத்துவிடுங்கள். ஒன்றிரண்டு மணி நேரம் கழித்தும் குடிக்கும்படி இருக்கும். ஆறிய காப்பியை மறுபடியும் சுட வைக்காதீர்கள். ஐஸ் போட்டுக் குடித்துவிடலாம்.

பால் சேர்ப்பவர்களுக்கு

நம் வீடுகளில் பால் இல்லாத காப்பி அரைக்காப்பிதான். டிரிப் காப்பியில் டிக்காஷன் போலப் பாதிக்குப் பாதி பால் ஊற்றினால் காப்பி காணாமல் போய்விடும். பாலுக்கு என்றால் அரை லிட்டருக்கு 40 கிராம் தூள் போடுங்கள். பாலை நன்றாகச் சுட வைத்து, நான்கில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் சேர்க்கவும். டின் பால் பிடித்தவர்களுக்கு லைபீரிகா நன்றாக ஈடுகொடுக்கும். சிக்கரி வாசம் இல்லாமல் முடியாது என்பவர்கள் பத்தில் ஒரு பங்கு கலக்கலாம். அதற்கு மேல் போனால் அது ஊறி உப்பித் தாளை அடைக்கும்.

கழுவுவது

காப்பி எண்ணெய் கூடையிலும் ஜக்கிலும் படிந்து, நாளானால் சிக்கு வாசம் வரும். தண்ணீரில் அலசினால் போகாது. தினமும் சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும். பிளாஸ்க் மூடியின் ரப்பர் வளையத்தையும் கழற்றிக் கழுவுங்கள், அந்த வாசம் அங்கேதான் ஒளிந்திருக்கும். ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை வெள்ளைக் காடியும் (வினிகர்) தண்ணீரும் சரிபாதி கலந்து தொட்டியில் ஊற்றி, பாதி ஓடியதும் நிறுத்தி, அரை மணி நேரம் ஊறவிட்டு, மீதியை ஓடவிடுங்கள். பிறகு காடி வாசம் போகும்வரை இரண்டு மூன்று முறை வெறும் தண்ணீர். வடிய வழக்கத்தைவிட நேரம் எடுத்தால், குழாய்க்குள் சுண்ணாம்பு படிந்திருக்கிறது என்று அர்த்தம். மாதக் கணக்குப் பார்க்காமல் அன்றே செய்துவிடுங்கள்.

தொட்டியில் தண்ணீரை இரவெல்லாம் தேக்கி வைக்காதீர்கள். நம் வெப்பத்துக்குப் பாசி பிடிக்கும். ஈரத் தூளைத் தாளோடு அன்றே எடுத்துப் பூச்செடிக்கு அடியில் போட்டுவிடுங்கள். கூடையில் விட்டால் மறுநாளே பூசணம் பூக்கும். தைப்பூசத்துக்கு வீட்டைப் பூட்டிவிட்டுப் பத்துமலைக்கோ பினாங்குக்கோ போவதாக இருந்தால், தொட்டியைக் காலி செய்து, பிளக்கைப் பிடுங்கி, மூடியைத் திறந்து காயவிட்டு, மெல்லிய துணி போட்டு மூடிவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் முதலில் ஒரு முழுத் தொட்டி வெறும் தண்ணீரை ஓடவிட்டுக் கொட்டிவிட்டு, அதற்கப்புறம் தூளைப் போடுங்கள்.